கல் திரும்பத் திரும்ப வருகிறவருக்கு 24 மணி நேர சிறுநீர் டெஸ்ட் எதற்கு?

கேள்வி, சுருக்கமாக: வலங்கைமான் பக்கம் கிராமம். வீட்டுக்காரருக்கு வயது 42, எடை 68 கிலோ, விவசாயம். நாலு வருஷத்தில் இரண்டு தடவை கிட்னியில் கல். முதல் கல் தானாக விழுந்தது. இரண்டாவதைப் போன ஐப்பசியில் லேசரில் உடைத்து, ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாய் வைத்து எடுத்தார்கள். மாசியில் டாக்டர் 24 மணி நேர சிறுநீர் டெஸ்ட் எழுதினார். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்து பிடித்துக் கொடுத்தோம். பத்து எண்கள் வந்திருக்கின்றன, ஒன்றும் புரியவில்லை. மாற்றம் செய்துவிட்டு மறுபடியும் எடுக்க வேண்டுமாம். கல் வந்ததிலிருந்து பால், தயிரை நிறுத்திவிட்டோம், சரிதானா? இத்தனை செலவுக்கு வாழைத்தண்டு சாறே போதும் என்று மாமியார் சொல்கிறார், உண்மையா?

பதில்:

டெஸ்ட் வீண் இல்லை, சகோதரி. பால், தயிரை நிறுத்தியதுதான் தப்பு. அது ஏன் என்பதை உங்கள் ரிப்போர்ட்டே சொல்கிறது, வரிசையாக வருகிறேன். நான் டாக்டர் இல்லை. தஞ்சாவூர் வட்டாரத்தில் உயிர்வேதியியல் லேபில் வேலை பார்க்கிறவன். மாத்திரையைத் தீர்மானிப்பது உங்கள் டாக்டர். அவரிடம் போகும்போது என்ன கேட்கலாம் என்று தெரிந்துகொண்டு போக இது உதவும்.

ஸ்கேன் சொல்வது கல் எங்கே இருக்கிறது, எத்தனை மில்லிமீட்டர் என்பதைத்தான். சாதாரண யூரின் டெஸ்டில் ரத்தம் கலந்திருக்கிறதா, சீழ் இருக்கிறதா என்று தெரியும். கல் ஏன் உருவாகிறது என்பதை இரண்டும் சொல்லாது. வேதாரண்யம் உப்பளப் பாத்தியில் நீர் வற்ற வற்ற உப்பு பூப்பதைப் பார்த்திருப்பீர்கள். சிறுநீரகத்துக்குள் நடப்பதும் ஏறக்குறைய அதே கணக்குதான். கரைந்திருக்கிற சரக்கு அதிகமானாலும், கரைக்கிற நீர் குறைந்தாலும் படிகம் விழும். சிட்ரேட் மாதிரி படிகம் விழாமல் தடுக்கும் பொருள் குறைந்தாலும் அப்படித்தான். இந்த மூன்றில் உங்கள் வீட்டுக்காரருக்கு எது கோளாறு என்று பார்க்கத்தான் ஒரு நாள் முழுக்கச் சிறுநீரைச் சேர்க்கச் சொல்வது. ஒரு தடவை பிடித்த சிறுநீரில் இது சரியாக வராது. சாப்பிட்ட பின் கால்சியம் ஏறும், இரவில் நீர் கெட்டியாகும், காலையில் ஒரு பி.எச். (புளிப்பு அளவு), மாலையில் ஒரு பி.எச். அதனால்தான் 24 மணி நேரம்.

எல்லோருக்கும் இது தேவையா என்றால், தேவையில்லை. முதல் தடவையாக ஒரு சின்னக் கல் வந்து விழுந்துவிட்டது, வேறு நோய் எதுவும் இல்லை என்றால் ரத்தத்தில் கால்சியம், யூரிக் அமிலம், கிரியேட்டினின் பார்த்து, சாதாரண யூரின் டெஸ்டும் எடுத்து, தண்ணீரைக் கூட்டி உப்பைக் குறைக்கச் சொல்லி அனுப்புவதே பெரும்பாலும் போதும் என்பது என் கருத்து. ஆனால் கல் திரும்ப வந்தவர், இரண்டு பக்கமும் கல் உள்ளவர், கல் வந்த பிள்ளைகள், ஒரே சிறுநீரகத்தோடு இருப்பவர், குடல் ஆபரேஷன் ஆனவர், கவுட் (யூரிக் அமிலத்தால் வரும் மூட்டுவலி) உள்ளவர், குடும்பத்தில் நாலைந்து பேருக்குக் கல் உள்ளவர் இவர்களுக்கெல்லாம் எடுத்தே ஆக வேண்டும். கல் ஒருமுறை வந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குப் பத்து வருஷத்துக்குள் மறுபடி வருகிறது. உங்கள் வீட்டுக்காரருக்கு நாலு வருஷத்திலேயே இரண்டு. டாக்டர் எழுதியது நியாயம்.

இனி ரிப்போர்ட். நீங்கள் அனுப்பியது: மொத்த அளவு 1,150 மி.லி., கிரியேட்டினின் 1,430 மி.கி., கால்சியம் 268 மி.கி., ஆக்சலேட் (கால்சியத்தோடு சேர்ந்து கல்லாகும் பொருள்) 51 மி.கி., சிட்ரேட் 185 மி.கி., யூரிக் அமிலம் 640 மி.கி., சோடியம் 214 மில்லிமோல், பி.எச். 5.6. ரத்தத்தில் கால்சியம் 9.4, கிரியேட்டினின் 1.0.

எல்லோரும் முதலில் கால்சியத்தைத்தான் தேடுகிறார்கள். லேபில் நாங்கள் முதலில் பார்ப்பது கிரியேட்டினினை. தசையிலிருந்து தினமும் ஏறத்தாழ ஒரே அளவில் வெளியேறும் பொருள் அது. ஆண்களுக்கு ஒரு கிலோ எடைக்குச் சுமார் 20 முதல் 25 மி.கி., பெண்களுக்கு 15 முதல் 20. உங்கள் வீட்டுக்காரருக்கு 1,430-ஐ 68-ஆல் வகுத்தால் 21. ஆக, ஒரு நாள் சிறுநீர் முழுசாகக் கேனுக்குள் வந்திருக்கிறது. இது 12, 13 என்று வந்திருந்தால் நடுவில் இரண்டு தடவை வயல் வரப்பில் போய்விட்டார் என்று அர்த்தம், மற்ற எண்களை நம்பிப் பிரயோஜனம் இல்லை. 35 என்று வந்தால் முதல் நாள் காலைச் சிறுநீரையும் சேர்த்து ஊற்றியிருப்பார்கள். இதைப் பார்க்காமல் நேரே கால்சியத்துக்குத் தாவி மாத்திரை எழுதுகிற சீட்டும் வரத்தான் செய்கிறது.

அடுத்தது அளவு, 1,150 மி.லி. கல் வருகிறவர்கள் ஒரு நாளைக்குக் குறைந்தது இரண்டரை லிட்டர் சிறுநீர் போக வேண்டும் என்று அமெரிக்க யூராலஜி சங்கத்தின் 2014 வழிகாட்டி சொல்கிறது. கவனியுங்கள், குடிக்கிற தண்ணீர் இரண்டரை லிட்டர் அல்ல, வெளியே வருகிற சிறுநீர். இவருக்கு அதில் பாதிகூட இல்லை. அதுவும் ஞாயிற்றுக்கிழமை, வீட்டில், நிழலில், மாசி மாதத்தில். குறுவை நடவுக்கோ, சம்பா அறுவடைக்கோ, சித்திரையில் உளுந்துச் செடி பிடுங்கவோ போகிற நாளில் வியர்வையாகவே அவ்வளவும் போய், கேனில் 700, 800 மி.லி. விழுந்தால் ஆச்சரியப்பட மாட்டேன்.

இந்த ஒரு எண்ணை மட்டும் மாற்றினால் என்ன ஆகும் பாருங்கள். 268 மி.கி. கால்சியம் 1.15 லிட்டரில் இருந்தால் லிட்டருக்கு 233 மி.கி. அதே கால்சியம் இரண்டரை லிட்டரில் கரைந்தால் லிட்டருக்கு 107. ஆக்சலேட் 44-லிருந்து 20-க்கு இறங்கும். ஒரு மாத்திரையும் இல்லாமல் இரண்டு சரக்கும் பாதிக்குக் கீழே. இத்தாலியில் முதல் தடவை கால்சியம் கல் வந்த 199 பேரை ஐந்து வருஷம் தொடர்ந்து கவனித்து 1996-இல் வெளியிட்ட ஆய்வில், நிறையத் தண்ணீர் குடித்தவர்களில் 12 சதவீதம் பேருக்குத்தான் கல் திரும்பியது. வழக்கம்போல் இருந்தவர்களில் 27 சதவீதம் பேருக்கு. தண்ணீர் குடி என்று டாக்டர் சொன்னால் ‘இது தெரியாதா’ என்று அலட்சியமாகத் தலையாட்டுகிறோம். அதற்குப் பின்னால் இருக்கிற ஆதாரம் பல மாத்திரைகளுக்கு இல்லை.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நடவுக்குப் போகும் பெண்கள் தண்ணீர் குடிக்காமலே அரை நாளை ஓட்டுவது உங்களுக்குத் தெரியும். ஒதுங்க இடம் இல்லை, அதனால் குடிப்பதில்லை. அவர்களிடம் போய் மூன்று லிட்டர் குடி என்று சொல்வது கையாலாகாத அறிவுரை. வரப்போரம் மறைப்புக் கட்டிக் கொடுக்கிற பண்ணைக்காரர் ஒருவர் இருந்தால் அவர் கல்லுக்கும் நீர்க்கடுப்புக்கும் சேர்த்தே வைத்தியம் பார்க்கிறார்.

சோடியம் 214 மில்லிமோல். ரிப்போர்ட்டில் இதுதான் எனக்கு உறுத்துகிறது. ஒரு கிராம் உப்பில் 17 மில்லிமோல் சோடியம். 214 என்றால் பன்னிரண்டரை கிராம் உப்பு. உலக சுகாதார நிறுவனம் சொல்வது 5 கிராமுக்குக் கீழே. ‘நாங்கள் உப்பே அதிகம் சேர்ப்பதில்லை’ என்று சொல்லாத வீடு இல்லை. சாப்பிட்ட உப்பில் பெரும்பகுதி சிறுநீரில் வந்துவிடும், கேன் பொய் சொல்லாது. வியர்வையில் போனதைச் சேர்த்தால் சாப்பிட்டது இன்னும் கூடுதலாகத்தான் இருக்கும். எங்கிருந்து வருகிறது என்று நீங்களே யோசியுங்கள். காலையில் பழைய சோற்றில் கல் உப்பு, தொட்டுக்கொள்ள மோர் மிளகாய் அல்லது நார்த்தங்காய் ஊறுகாய், மத்தியானம் அப்பளம், வாரத்தில் இரண்டு மூன்று நாள் நாகப்பட்டினம் கருவாடு, சாயங்காலம் டீக்கடையில் மிக்சர்.

உப்புக்கும் கல்லுக்கும் என்ன சம்பந்தம் என்றால், சிறுநீரகம் சோடியத்தை வெளியே தள்ளும்போது கால்சியத்தையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். 100 மில்லிமோல் சோடியம் கூடினால் சிறுநீரில் ஏறத்தாழ 40 மி.கி. கால்சியம் கூடும். இவர் உப்பைப் பாதியாக்கி சோடியத்தை 100 பக்கம் கொண்டுவந்தால் கால்சியம் 268-லிருந்து 220 பக்கம் வர வாய்ப்பு இருக்கிறது. ஆண்களுக்கு 250 அல்லது 300-க்குள் இருக்க வேண்டும் என்று லேபுக்கு லேப் எல்லை போட்டிருப்பார்கள். 268 என்பது அந்த விளிம்பு. ரத்தத்தில் கால்சியம் 9.4 சரியாக இருப்பதால் கழுத்தில் இருந்துகொண்டு ரத்தக் கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு சுரப்பியின் கோளாறாக இருக்கும் சந்தேகம் குறைவு. அது 10.5-ஐத் தாண்டியிருந்தால் கதையே வேறு, அந்தச் சுரப்பியின் ஹார்மோனைப் பார்க்கும் பி.டி.எச். டெஸ்ட் எடுக்க வேண்டியிருக்கும்.

இப்போது பால், தயிர் விஷயம். ஆக்சலேட் 51. 40, 45-க்குள் இருக்க வேண்டியது. கல்லில் கால்சியம் இருக்கிறது, பாலிலும் கால்சியம் இருக்கிறது, ஆகவே பாலை நிறுத்து என்று ஊரே சொல்லும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சாப்பிட்ட கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு போய்விடுகிறது. பாலும் தயிரும் இல்லாத சாப்பாட்டில் கீரை, கடலை, டீயில் இருக்கும் ஆக்சலேட் தடையில்லாமல் ரத்தத்துக்கு வந்து, சிறுநீரில் இறங்கி, அங்கே இருக்கிற கால்சியத்தோடு சேர்கிறது. அதே இத்தாலிக் குழு, சிறுநீரில் கால்சியம் அதிகமாக இருந்து கல் திரும்பத் திரும்ப வந்த 120 ஆண்களை இரண்டாகப் பிரித்தது. 60 பேருக்குக் கால்சியம் குறைந்த சாப்பாடு. மற்ற 60 பேருக்குக் கால்சியம் வழக்கம்போல், உப்பும் மாமிசமும் குறைவு. 2002-இல் முடிவு வந்தது. ஐந்து வருஷத்தில் கால்சியத்தைக் குறைத்தவர்களில் 23 பேருக்குக் கல் திரும்பியது, மற்ற அணியில் 12 பேருக்கு. ஆகவே நாளையிலிருந்து மத்தியானச் சாப்பாட்டில் தயிர் வரட்டும். கீரை வைக்கிற நாளில் கட்டாயம் வரட்டும். முளைக்கீரை, தண்டுக்கீரை, பசலை இவற்றில் ஆக்சலேட் அதிகம், தினமும் வேண்டாம், அவ்வளவுதான். தக்காளி விதையால் கல் வருகிறது என்பதை மறந்துவிடலாம். வைட்டமின் சி மாத்திரை ஏதாவது வழக்கமாக விழுங்குகிறாரா என்று பாருங்கள். அதிக அளவில் எடுத்தால் உடம்பில் அதுவும் ஆக்சலேட்டாக மாறும்.

சிட்ரேட் 185. இது 320-க்கு மேல் இருக்க வேண்டும். கால்சியத்தைக் கட்டிப்போட்டு, படிகம் சேராமல் தடுப்பது இந்த சிட்ரேட்தான். பழமும் காய்கறியும் குறைந்து, மீனும் கறியும் முட்டையும் கூடினால் சிட்ரேட் இறங்கும். நாள்பட்ட வயிற்றுப்போக்கு, ரத்தத்தில் பொட்டாசியம் குறைவு, வலிப்புக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் கொடுக்கிற டோபிராமேட் மாத்திரை இவையும் இறக்கும். சிறுநீரகக் குழாய்களில் அமிலம் தேங்கும் ஒரு கோளாறும் உண்டு. அதில் பி.எச். கூடுதலாக இருக்கும். இவருக்கு 5.6 இருப்பதால் அந்தச் சந்தேகம் குறைவு. ஆனாலும் ரத்தத்தில் பொட்டாசியமும் பைகார்பனேட்டும் பார்த்தாயிற்றா என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நீங்கள் அனுப்பிய சீட்டில் அவை இல்லை.

எலுமிச்சைச் சாறு இங்கே உண்மையிலேயே உதவும், அதில் சிட்ரேட் இருக்கிறது. உப்புப் போடாமல், சர்க்கரையும் பேருக்குப் போட்டு, ஒரு நாளைக்கு இரண்டு பழம் தண்ணீரில் பிழிந்து வயலுக்குக் கொடுத்து அனுப்புங்கள். நம் ஊரில் எலுமிச்சை ஜூஸ் என்றால் கை தானாக உப்புக்குப் போகும். ஒரு பக்கம் சிட்ரேட்டைக் கொடுத்து மறுபக்கம் கால்சியத்தை இழுத்துவிட்ட கதை அது. நீர்மோரும் அப்படியே, உப்பில்லாமல் கருவேப்பிலை, இஞ்சி தட்டிப் போட்டால் போதும். நார்த்தங்காயும் எலுமிச்சை இனம்தான், ஆனால் ஊறுகாயாகிவிட்ட பிறகு அதில் உப்பைத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். இளநீர் நல்லது. கிரியேட்டினின் 1.0 என்பதால் இவருக்குத் தடையில்லை. சிறுநீரகம் பழுதானவர்களுக்குப் பொட்டாசியம் சேரும் என்பதால் இதே அறிவுரையைப் பக்கத்து வீட்டுக்குக் கைமாற்ற வேண்டாம்.

யூரிக் அமிலம் 640, ஆண்களுக்கு 800-க்குள் இருந்தால் சரி. விட்டுவிடலாம்.

பி.எச். 5.6 கொஞ்சம் புளிப்புப் பக்கம். யூரிக் அமிலக் கல்லாக இருந்தால் இந்த எண்தான் தலையானது. சர்க்கரை நோயும் தொப்பையும் உள்ளவர்களுக்குப் பி.எச். 5.5-க்குக் கீழே நின்று அந்தக் கல் வரும். அதற்கு ஒரு நல்ல பக்கமும் உண்டு. பி.எச்.-ஐ 6-க்கும் 6.5-க்கும் நடுவில் ஏற்றி வைத்தால் அந்தக் கல் மருந்திலேயே கரையும். கால்சியம் ஆக்சலேட் கல் அப்படிக் கரையாது. ஏற்றுகிறேன் என்று 7-க்கு மேலே கொண்டுபோனால் கால்சியம் பாஸ்பேட் படிகம் விழத் தொடங்கும். ஆகவே என்ன கல் என்று தெரியாமல் ‘கல்லைக் கரைக்கிற டானிக்’ குடிப்பதில் அர்த்தமில்லை. இன்னொன்று, மருந்துக்கடையில் நீர்க்கடுப்புக்குக் கொடுக்கிற சிரப்புகள் பலவற்றில் இருப்பது சோடியம் சிட்ரேட் வகை. உங்களுக்கு வேண்டியது பொட்டாசியம் சிட்ரேட். பாட்டிலைத் திருப்பி எழுத்தைப் படியுங்கள்.

என்ன கல் என்று தெரியுமா என்பதே உங்களிடம் நான் கேட்க நினைத்த கேள்வி. ஐப்பசியில் எடுத்த துண்டுகளைச் சின்ன டப்பாவில் போட்டுக் கொடுத்திருப்பார்கள். பல வீட்டில் அது சொந்தக்காரர்களுக்குக் காட்டிவிட்டுக் குப்பைக்குப் போகும். இருந்தால் எடுத்துக்கொண்டு போய்க் கல் பகுப்பாய்வுக்குக் கொடுங்கள். அகச்சிவப்புக் கதிர் முறையில் என்ன கலவை என்று சொல்லிவிடுவார்கள். போய்விட்டது என்றால், அடுத்து எப்போதாவது வலி வந்தால் டீ வடிகட்டியிலோ மெல்லிய துணியிலோ சிறுநீரை வடித்து, விழுந்த துகளைக் கழுவிக் காய வைத்து எடுத்து வையுங்கள். ஸ்பிரிட்டில் போட வேண்டாம். கிருமித்தொற்றால் வரும் கல் என்று பகுப்பாய்வில் வந்தால் வழியே மாறிவிடும். அங்கே என்ன கிருமி என்று பார்க்கும் யூரின் கல்ச்சரும், கல்லைத் துளிகூட மீதி வைக்காமல் எடுப்பதும்தான் முக்கியம்.

மாத்திரைக்கு வருகிறேன். சிறுநீரில் கால்சியம் அதிகம் என்றால் அதைக் குறைக்கிற தையசைடு வகை மாத்திரை எழுதுவது நெடுநாள் வழக்கம். ஸ்விட்சர்லாந்தில் 416 பேரிடம் அந்த வகையைச் சேர்ந்த ஹைட்ரோகுளோரோதையசைடைச் சோதித்து 2023-இல் முடிவை வெளியிட்டார்கள். ஏறத்தாழ மூன்று வருஷம் கவனித்ததில், மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் மருந்து சாப்பிட்டவர்களுக்கும் கல் திரும்புவதில் பெரிய வித்தியாசம் இல்லை. மருந்தே வேலை செய்யாது என்று இதற்கு அர்த்தம் எடுக்காதீர்கள். வேறு தையசைடு வகைகளை, உப்பைக் குறைத்துக்கொண்டே கொடுக்கிற டாக்டர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குக் காரணமும் உண்டு. ஆனால் 12 கிராம் உப்பு சாப்பிட்டுக்கொண்டு இந்த மாத்திரையை விழுங்குவது ஓட்டைக் குடத்தில் நீர் மொள்வது. இவருக்கு நான் புரிந்துகொண்ட வரிசை முதலில் தண்ணீர், அடுத்து உப்பு, தயிர் திரும்ப வருவது, எலுமிச்சை. சிட்ரேட் அப்படியும் ஏறவில்லை என்றால் பொட்டாசியம் சிட்ரேட். சிறுநீர்க் கால்சியத்தைக் குறைக்கும் தையசைடு மாத்திரை பற்றிய பேச்சு அதற்கும் பிறகு.

மாமியார் சொன்ன வாழைத்தண்டு. அதைக் கிண்டல் செய்ய மாட்டேன். எலிகளுக்கு வாழைத்தண்டுச் சாறு கொடுத்துப் பார்த்ததில் சிறுநீரில் ஆக்சலேட் குறைந்ததாக நம் நாட்டு ஆய்வே இருக்கிறது. மனிதரிடம் அந்த அளவுக்கு உறுதியான ஆதாரம் கிடையாது. பொரியலோ மோர்ப் பச்சடியோ செய்து தாராளமாகச் சாப்பிடலாம், ஏற்கனவே உருவான கல்லை அது கரைக்காது. சிறுபீளைக் கஷாயம், நெருஞ்சில் கஷாயம் இவற்றிலும் கூடவே குடிக்கிற இரண்டு சொம்புத் தண்ணீருக்கே பாதிப் புண்ணியம் சேரும் என்று நினைக்கிறேன். மாமியாருக்கும் உங்களுக்கும் இதில் வழக்கு வேண்டாம். அடுத்த தடவை சிறுநீர் சேர்க்கும்போது வாழைத்தண்டும் வழக்கமான சாப்பாட்டில் இருக்கட்டும். ஆக்சலேட் இறங்கினால் அவருக்கும் பங்கு கொடுங்கள்.

மறுபடி எடுக்கச் சொன்னது பணம் பறிக்க அல்ல. முதல் ரிப்போர்ட் கோளாறைக் காட்டியது. செய்த மாற்றம் பலித்ததா என்பதை இரண்டாவதுதான் சொல்லும். மருந்தோ உணவு மாற்றமோ தொடங்கி ஆறு மாதத்துக்குள் ஒன்று, பிறகு வருஷத்துக்கு ஒன்று என்பது நடைமுறை. உங்கள் விஷயத்தில் இரண்டு மூன்று மாதம் கழித்து எடுத்தால் போதும். அதுவரை சிறுநீரில் முக்கிப் பார்க்கிற ஸ்ட்ரிப்கூட வேண்டியதில்லை, சிறுநீரின் நிறத்தைப் பார்த்தாலே தண்ணீர்க் கணக்கு தெரிந்துவிடும்.

அந்த இரண்டாவது தடவைக்குச் சில விஷயங்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். அவர் வழக்கமாக வேலைக்குப் போகிற ஒரு நாளில் எடுங்கள். டெஸ்ட் என்பதற்காக அன்றைக்கு மட்டும் சொம்பு சொம்பாகக் குடிப்பது, கருவாட்டை ஒளித்து வைப்பது எல்லாம் செய்தால் ரிப்போர்ட் அழகாக வரும், கல்லும் வரும். காலை 6 மணிக்கு எழுந்து போகிற முதல் சிறுநீரைக் கழிவறையிலேயே விட்டுவிட வேண்டும், கடிகாரத்தில் நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு போவது ஒவ்வொன்றும், ராத்திரி எழுந்து போவது உட்பட, மறுநாள் காலை 6 மணிக்குப் போவதையும் சேர்த்து, கேனுக்குள். மலம் கழிக்கப் போகுமுன் முதலில் சிறுநீரைப் பிடித்துவிடச் சொல்லுங்கள், தவறுவது பெரும்பாலும் அங்கேதான். வயலுக்குப் போகும்போது ஒரு லிட்டர் பாட்டில் ஒன்றைக் கழுவிக் காயவைத்துக் கையில் கொடுங்கள், வீட்டுக்கு வந்ததும் கேனில் ஊற்றிவிடலாம்.

கேனை லேபிலேயே வாங்குங்கள். பூச்சிமருந்து இருந்த கேனைக் கழுவிக் கொண்டுவந்தவர்களும் உண்டு. சில லேபில் கேனுக்குள் கொஞ்சம் ஆசிட் ஊற்றிக் கொடுப்பார்கள், கால்சியமும் ஆக்சலேட்டும் படிந்து போகாமல் இருக்க. அந்தக் கேனில் நேரடியாகப் போகக் கூடாது, மக்கில் பிடித்து மெதுவாக ஊற்ற வேண்டும், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும். ஆசிட் ஊற்றிய சிறுநீரில் பி.எச்.-ஐயும் யூரிக் அமிலத்தையும் பார்க்க முடியாது, அதற்கு எப்படி எடுக்கிறீர்கள் என்று லேபில் கேட்டுக்கொள்ளுங்கள். ஃப்ரிட்ஜில் வைக்க வீட்டில் ஒப்ப மாட்டார்கள், தெரியும். ஒரு வாளியில் ஐஸைப் போட்டு, அதற்குள் கேனை நிறுத்தி, நிழலில் வைத்தால் போதும்.

முழுக் கேனையும் கொண்டுவாருங்கள். கேன் நிறைந்துவிட்டது என்று மேலே இருந்ததைக் கொட்டிவிட்டு வருகிறவர்களும் உண்டு, ஒரு சின்ன பாட்டிலில் மட்டும் ஊற்றிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. லேபில் நாங்கள் கேனைக் குலுக்கி, மொத்தத்தை அளந்து, அதில் கொஞ்சத்தைத்தான் எடுத்துச் சோதிக்கிறோம். கிடைக்கிற எண்ணை மொத்த அளவால் பெருக்கித்தான் ரிப்போர்ட்டில் எழுதுகிறோம். ஆக்சலேட், சிட்ரேட் போன்றவற்றை நம் பக்கத்து லேப்கள் பெரும்பாலும் சென்னை மாதிரி பெரிய ஊருக்கு அனுப்பித்தான் பார்க்கின்றன. அங்கே போவதும் இந்தச் சின்னக் குப்பியும் அந்த மொத்த அளவும்தான். அளவு தப்பினால் எல்லா எண்ணும் தப்பும். இரண்டாவது தடவையும் அதே லேபில் கொடுங்கள், லேப் மாறினால் முறையும் எல்லையும் மாறும், ஒப்பிட முடியாது.

காய்ச்சல், நீர்க்கடுப்பு, வலி இருக்கும்போது எடுக்க வேண்டாம். ஆபரேஷனோ கல் விழுந்ததோ ஆகி ஆறு வாரமாவது கழிந்திருக்க வேண்டும். உங்களுக்கு ஐப்பசியிலிருந்து மாசி வரை இடைவெளி இருந்ததால் பிரச்சினை இல்லை. நடுவில் விலாவலியோடு குளிர்காய்ச்சலும் வந்தால் டெஸ்ட், ரிப்போர்ட் எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். அடைப்புக்கு மேலே கிருமி சேர்ந்தால் மறுநாள் வரை காத்திருக்கிற விஷயம் அல்ல.

டாக்டரிடம் போகும்போது இந்த ரிப்போர்ட், ரத்த டெஸ்ட் சீட்டு, பழைய ஸ்கேன், இருந்தால் அந்தக் கல் டப்பா, இப்போது சாப்பிடுகிற எல்லா மாத்திரையும் கையில் இருக்கட்டும்.